மெய்நிகர் இயந்திரங்களின் வட்டு வேகமும் கோப்பு முறைமைத் தேர்வும்

ஒரே கணினிப் பெட்டிக்குள் பல கணினிகள் தனித்தனியே இயங்குவது போன்ற தோற்றத்தைப் படைக்கும் மெய்நிகர் இயந்திர முறை, ஆய்வுக்கூடங்களில் ஓர் அபூர்வ வித்தையாக இருந்த காலம் போய், சிறு அலுவலகங்களிலும் அன்றாட ஏற்பாடாக நிலைபெற்றுவிட்ட இந்நாளில், அத்தகைய இயந்திரங்களை நிர்வகிப்போர் திரும்பத் திரும்ப எழுப்பும் வினா ஒன்று உண்டு. எந்த வட்டில், எந்தக் கோப்பு முறைமையில், எவ்வித வடிவத்தில் வைத்தால் மெய்நிகர் இயந்திரம் விரைந்து வேலை செய்யும் என்பதே அது. எக்ஸ்ட்4 என்று ஒருவரும் இசட்.எஃப்.எஸ். என்று மற்றொருவரும் ஆளுக்கொரு அளவீட்டைக் காட்டி வாதிடுவதும், இருவர் காட்டும் எண்களும் அவரவர் சூழ்நிலையில் மெய்யாகவே இருப்பதும் சகஜம். ஆகவே இவ்வினாவை ஒற்றைப் பெயரால் தீர்க்க முயல்வது வீண் பிரயாசை. வினா எங்கிருந்து பிறக்கிறது என்று ஆராய்வதே முறையாகும்.

வெளியேயுள்ள மெய்யான கணினியை ஹோஸ்ட் என்றும், அதன் உள்ளே இயங்குவதைக் கெஸ்ட் என்றும் தொழிலில் இருப்போர் அழைக்கிறார்கள். வட்டின் மீது தனக்கே முழு ஆதிக்கம் என்று எண்ணி எழுதப்பட்ட மென்பொருள் இவ்விரண்டிலும் இருக்கிறது. கோரிக்கைகளை வரிசைப்படுத்துதல், தரவை நினைவகத்தில் தேக்கி வைத்தல், மாற்றங்களை ஜர்னலில் பதிதல், பழைய நிலையைப் பிரதியெடுத்துக் காத்தல், பிழை சோதித்தல் ஆகிய கடமைகளை ஒவ்வோர் அடுக்கும் மற்றதை அறியாமலே செய்யத் தொடங்குகிறது. வேகக் குறைவின் பெரும்பகுதி இந்த இரட்டிப்பு உழைப்பிலிருந்தே விளைகிறது என்பதும், ஒவ்வொரு கடமையையும் ஏதேனும் ஓர் அடுக்கிடம் மட்டுமே ஒப்படைப்பதுதான் தேர்வின் சாரம் என்பதும் இக்கட்டுரை நிலைநாட்ட முற்படும் கருத்துகள்.

பூர்வ சரித்திரம்

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜ் நகரில் ஐ.பி.எம். நிறுவனத்தின் அறிவியல் மையத்தார் 1960-களில் சி.பி.-40 என்ற கட்டுப்பாட்டு நிரலையும், அதன் வழித்தோன்றலாகிய சி.பி.-67 என்பதையும் ஆக்கியபோது, இந்த இரட்டிப்புக்கு அநேகமாக இடமே இல்லாதிருந்தது. ஒரு பெரிய வட்டின் சிலிண்டர்களுள் அடுத்தடுத்துள்ள சிலவற்றைப் பிரித்து மினிடிஸ்க் என்ற பெயரில் ஒவ்வொரு பயனாளருக்கும் கொடுத்துவிட்டு, வரும் கோரிக்கைகளில் சிலிண்டர் எண்களை மட்டும் இடம் மாற்றி அனுப்பியதோடு கட்டுப்பாட்டு நிரல் தன் வேலையை முடித்துக்கொண்டது. மினிடிஸ்கின் உள்ளே கோப்புகளைப் பேணும் பொறுப்பு முழுவதும் உள்ளே ஓடிய சி.எம்.எஸ். என்னும் எளிய ஒற்றைப் பயனாளர் முறைமையைச் சார்ந்தது. 1972-ல் வெளிவந்த வி.எம்./370 இந்த ஏற்பாட்டையே பின்பற்றியது. பங்கிடுவது ஒருவர் காரியம், பேணுவது மற்றவர் காரியம் என்ற தெளிவான பிரிவினை அங்கே இருந்தது.

1998-ல் நிறுவப்பட்ட வி.எம்.வேர் சாதாரண மேசைக் கணினிக்கு இவ்வித்தையைக் கொண்டுவந்தபோது நிலைமை மாறிற்று. உள்ளே இயங்க வந்தவை தனிக் கணினிக்கென்றே எழுதப்பட்ட விண்டோஸ், லினக்ஸ் முதலிய முழுமையான இயக்க முறைமைகள். அவற்றின் வட்டோ, வெளி முறைமையின் கோப்பகத்தில் கிடக்கும் ஒரு பெரிய கோப்பு. அந்நிறுவனத்தை நிறுவியோருள் ஒருவரான மெண்டல் ரோசன்பிளம், அதற்கு முன் ஜான் அவுஸ்டர்ஹவுட்டுடன் சேர்ந்து, எல்லா மாற்றங்களையும் வட்டில் தொடர்ச்சியாகவே எழுதிச்செல்லும் கோப்பு முறைமையை 1991-ல் உலகுக்கு அறிவித்தவர் என்பது இவ்விஷயத்தில் கருதத்தக்கது. வட்டுத் தலையின் அலைச்சலைக் குறைக்கக் கோப்பு முறைமை எவ்வளவு பாடுபட வேண்டும் என்பதை அவரைப்போல் அறிந்தவர் சிலரே. பின்னர் 2003-ல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்திலிருந்து ஸென் வெளிவந்ததும், 2007-ல் கே.வி.எம். லினக்ஸ் கருநிரலிலேயே சேர்க்கப்பட்டதும் இம்முறையை எங்கும் பரப்பின. கோப்பு முறைமைக்குள் கோப்பு முறைமை என்ற அடுக்கமைப்பும் கூடவே பரவியது.

வட்டின் இயல்பு

நிமிஷத்துக்கு 7200 முறை சுழலும் வன்தட்டு ஒரு சுற்றுக்கு 8.33 மில்லிவினாடி எடுத்துக்கொள்கிறது. வேண்டிய இடம் தலைக்கு அடியில் வந்துசேரச் சராசரியாக அரைச் சுற்று, அதாவது 4.17 மில்லிவினாடி, காத்திருக்க வேண்டும். தலை பக்கவாட்டில் நகர்வதற்கு ஏறக்குறைய 8 மில்லிவினாடி என்று கொண்டால், சிதறிய வாசிப்பு ஒன்றுக்குச் சுமார் 12 மில்லிவினாடியும், வினாடிக்கு எண்பது வாசிப்புகளும் என்று கணக்காகிறது. ஒவ்வொன்றும் 4 கே.பி. அளவினது என்றால் வினாடிக்குக் கிடைப்பது 320 கே.பி. மட்டுமே, அதே வட்டு இடைவிடாமல் தொடர்ந்து வாசிக்கும்போதோ 150 எம்.பி.க்கு மேலும் தரவல்லது. பத்து மெய்நிகர் இயந்திரங்கள் தத்தம் நோக்கில் ஒழுங்காகத் தொடர்ந்து வாசித்தாலும், அப்பத்து ஓட்டங்களும் ஒரே தட்டின் வெவ்வேறு பகுதிகளை நாடுவதால், கீழே வந்துசேரும்போது அவை சிதறிய வாசிப்புகளாகவே மாறிவிடுகின்றன. ஐ.ஓ. பிளெண்டர் என்று இத்துறையினர் குறிப்பிடும் இவ்விளைவினால்தான், தனிக் கணினியில் நன்றாக ஓடிய மென்பொருள் மெய்நிகர் இயந்திரத்தில் திணறுகிறது.

திடநிலை வட்டுகள் வந்த பிறகு தலையின் அலைச்சல் ஒழிந்தது; ஆனால் பிரச்சினை வேறு இடத்துக்குப் பெயர்ந்தது. பழைய ஏ.எச்.சி.ஐ. இணைப்பு முறை ஒரே வரிசையில் 32 கட்டளைகளுக்கு மட்டும் இடமளித்தது. 2011-ல் வரையறுக்கப்பட்ட என்.வி.எம்.இ. முறையோ, கொள்கையளவில் ஏறத்தாழ 65,000 வரிசைகளையும் ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ அத்தனை கட்டளைகளையும் ஏற்கிறது. வன்தட்டின் 12 மில்லிவினாடியோடு ஒப்பிட்டால், மெய்நிகராக்கம் சேர்க்கும் 50 மைக்ரோவினாடித் தாமதம் அரைச் சதவீதத்துக்கும் குறைவு. 100 மைக்ரோவினாடியில் விடையளிக்கும் திடநிலை வட்டிலோ அதே 50 மைக்ரோவினாடி காத்திருப்பை ஒன்றரை மடங்காக்கிவிடும். வட்டு எவ்வளவுக்கெவ்வளவு துரிதமாகிறதோ, அவ்வளவுக்கவ்வளவு இடையிலுள்ள மென்பொருளின் குற்றங்குறைகள் வெளிச்சத்துக்கு வருகின்றன.

இடையிலுள்ள பாதை

மெய்யான ஐ.டி.ஈ. வட்டைப் போலப் பாவனை செய்யும் போலிச் சாதனத்தோடு உள்முறைமை பேசும்போது, ஒவ்வொரு கோரிக்கைக்கும் பலமுறை உள்ளிருந்து வெளியேறித் திரும்ப நேர்கிறது. இதைத் தவிர்க்கவே, தான் மெய்நிகர் என்பதை மறைக்காமல் இரு தரப்பும் பொதுவான நினைவக வளையம் ஒன்றின் மூலம் கோரிக்கைகளைக் கூட்டங்கூட்டமாகப் பரிமாறிக்கொள்ளும் விர்ட்ஐஓ முறையை ரஸ்டி ரஸ்ஸல் வகுத்தார். ஸென் தன் பிளவுபட்ட இயக்கிகளாலும், வி.எம்.வேர் தன் பி.வி. ஸ்கஸி சாதனத்தாலும் இதே பயனை அடைகின்றன. வெளிப்புறத்தில், ஜென்ஸ் ஆக்ஸ்போ ஆக்கி 2019-ல் லினக்ஸ் 5.1 பதிப்பில் சேர்ந்த ஐஓ யூரிங், கருநிரலை அழைக்கும் செலவை மேலும் குறைத்தது. கோப்பு முறைமைகளை ஒப்பிடப் புகுவதற்கு முன், போலி ஐ.டி.ஈ.யை விட்டு விர்ட்ஐஓவுக்கோ அதற்கு நிகரானதற்கோ மாறுவது முதற்காரியம். அதைச் செய்யாமல் பெறும் அளவீடுகள் கோப்பு முறைமையின் குணத்தைக் காட்டமாட்டா.

வரிசைப்படுத்தும் கடமையையும் இங்கேயே தீர்த்துவிடலாம். தலையின் அலைச்சலைக் குறைக்கும்படி கோரிக்கைகளை முன்பின்னாக மாற்றும் வழக்கம் இயக்க முறைமைகளுக்கு உண்டு. ஆனால் உள்முறைமை காணும் வட்டு எண்கள், மெய்யான தட்டில் எங்கே விழுகின்றன என்பது அதற்குத் தெரியாது. தெரியாத வரைபடத்தை வைத்துக்கொண்டு செய்யும் ஒழுங்கு, காலவிரயமே. ஆதலால் உள்ளே வரிசைப்படுத்தலை நிறுத்தி, மெய்யான சாதனத்தை அறிந்த வெளிமுறைமையிடம் அதை விட்டுவிடுவதே நியாயம்.

வட்டு வேஷமிடும் கோப்பு

உள்முறைமைக்கு வட்டாகத் தோற்றுவதை நான்கு விதமாகக் கொடுக்கலாம்: மெய்யான வட்டையே ஒப்படைத்தல், எல்.வி.எம். போன்றவற்றால் பிரித்த தருக்கப் பகுதியைக் கொடுத்தல், ரா எனப்படும் மேற்பூச்சற்ற கோப்பைக் கொடுத்தல், தனக்கென அட்டவணை உடைய க்யூகவ்2, வி.எம்.டி.கே., வி.எச்.டி.எக்ஸ். போன்ற வடிவக் கோப்பைக் கொடுத்தல். முன்னவற்றிலிருந்து பின்னவற்றுக்குச் செல்லச் செல்லச் சௌகரியம் வளர்கிறது. இடையே நிற்கும் அட்டவணைகளும் வளர்கின்றன.

க்யூகவ்2 வடிவத்தை எடுத்துக்கொண்டால் இது விளங்கும். தரவை 64 கே.பி. துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டும் கோப்பில் எங்கே இருக்கிறது என்பதை 8 பைட் அளவுள்ள பதிவாக இரண்டு நிலை அட்டவணைகளில் அது குறித்துவைக்கிறது. இவ்வட்டவணையின் தேக்கத்துக்கு 1 எம்.பி. நினைவகம் ஒதுக்கினால் 8 ஜி.பி. வட்டுக்குத்தான் போதும், அதைக் கடந்த பெரிய வட்டில் சிதறி வாசிக்கும்போது, தரவை வாசிப்பதற்கு முன் அட்டவணையையே வாசிக்க நேரும். க்யூஎமு மென்பொருளின் பழைய பதிப்புகளில் இந்த 1 எம்.பி.யே இயல்பு அளவாக இருந்து, 3.1 பதிப்பில்தான் 32 எம்.பி. வரை உயர்ந்தது என்பதை நினைவிற்கொண்டால், க்யூகவ்2 மிக மெதுவானது என்ற பழைய தீர்ப்புகள் பலவும் ஒரு சிறு தேக்கத்தின் குற்றத்தை முழு வடிவத்தின் மேல் சுமத்தியவை என்று ஊகிக்கலாம்.

ஸ்னாப்ஷாட் எனப்படும் நிலைப்பிரதிகள் சங்கிலியாக நீளும்போது, ஒரு துண்டைத் தேடிப் பல கோப்புகளின் அட்டவணைகளைப் புரட்ட நேர்கிறது. அவ்வப்போது அவற்றை ஒன்றாக்கிவிடுவது அவசியம். இடத்தை முன்கூட்டி ஒதுக்காமல் வேண்டும்போது வளரவிடும் வட்டில், முதன்முறை எழுதும் ஒவ்வோர் இடத்துக்கும் ஒதுக்கீடும் சூன்யமாக்கலும் கூடுதல் செலவாகின்றன; வி.எம்.வேரில் தொடக்கத்திலேயே முழுதும் சூன்யமாக்கி வைக்கும் வட்டுவகை இருப்பது இதனால்தான். இடம் மிச்சமாகும் லாபத்தையும் முதல் எழுத்தின் நஷ்டத்தையும் சீர்தூக்கித் தேர்வது நிர்வாகியின் பொறுப்பு.

வெளிமுறைமையின் கோப்பு முறைமைகள்

டுய் லே, ஹாய் ஹுவாங், ஹைனிங் வாங் ஆகிய மூவர் 2012-ல் யூஸ்னிக்ஸ் சேமிப்புத் தொழில்நுட்ப மாநாட்டில் அளித்த ஆய்வு, இவ்விஷயத்தில் முக்கியப் பிரமாணம். உள்ளேயும் வெளியேயும் வெவ்வேறு கோப்பு முறைமைகளைச் சேர்த்து 42 கூட்டுகளைப் பரீக்ஷித்த அவர்கள், பொருந்தாத கூட்டில் வேகம் 67 சதவீதம் வரை வீழ்வதைக் கண்டார்கள். தனியே நன்றாக இயங்கும் இரண்டு முறைமைகள் ஒன்றன்மேல் ஒன்று அமரும்போது அந்நன்மையை இழக்கக்கூடும் என்பதே அதன் பாடம். உள்ளே ஒரு கோப்பின் பெயரை மாற்றினால் உள்முறைமை அதைத் தன் ஜர்னலில் எழுதுகிறது. அந்த ஜர்னலோ வெளிமுறைமைக்கு வெறும் தரவு. அத்தரவை எழுதுவதால் கோப்பு வளர்ந்தாலோ, எழுதும் இடம் மாறினாலோ, வெளிமுறைமை அதைத் தன் ஜர்னலில் மறுபடி பதிகிறது. ஒரே கடையின் வரவுசெலவை இரு கணக்கர்கள் ஒருவரையொருவர் அறியாமல் இரண்டு பேரேடுகளில் எழுதி, இருவருக்கும் சம்பளம் கொடுப்பது போன்றது இது.

2008-ன் இறுதியில் லினக்ஸ் 2.6.28 பதிப்போடு நிலைபெற்ற எக்ஸ்ட்4, இயல்பாகக் கோப்பைப் பற்றிய விவரங்களை மட்டுமே ஜர்னலில் எழுதுகிறது. சிலிக்கன் கிராஃபிக்ஸ் நிறுவனத்தார் 1990-களில் ஆக்கிய எக்ஸ்.எஃப்.எஸ்.ஸும் அவ்வாறே. இட ஒதுக்கீட்டைப் பல தனிக் குழுக்களாகப் பிரித்திருப்பதும், ஒரே கோப்பில் பல நேரடி எழுத்துகள் ஒருசேர நடப்பதை நெடுங்காலமாக அனுமதித்துவருவதும், பல மெய்நிகர் வட்டுகளைத் தாங்குவதற்கு அதைத் தகுந்ததாக்குகின்றன. ரெட் ஹாட் நிறுவனம் 2014-ல் தன் லினக்ஸ் வெளியீட்டின் ஏழாம் பதிப்புக்கு அதையே இயல்பு முறைமையாக ஏற்றது. இவ்விரண்டில் எதிலாயினும், முன்கூட்டி ஒதுக்கிய ரா கோப்பை வைத்தால், வெளிமுறைமை அநேகமாகப் பழைய மினிடிஸ்க் பங்கிடுவோனைப் போலவே நடந்துகொள்கிறது. கோப்பு வளர்வதில்லை, இடமும் மாறுவதில்லை, ஆகவே இரண்டாம் ஜர்னலுக்கு வேலையும் அதிகமில்லை.

எழுதிய இடத்தின்மேல் மறுபடி எழுதாமல், ஒவ்வொரு மாற்றத்தையும் புதிய இடத்தில் எழுதும் முறைமைகளின் சுபாவம் வேறு. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தில் ஜெஃப் போன்விக், மேத்யூ ஆரன்ஸ் முதலியோர் ஆக்கி 2005-ல் வெளிவந்த இசட்.எஃப்.எஸ். ஒவ்வொரு துண்டுக்கும் சரிபார்ப்பு எண் காத்து, ஓசையின்றிக் கெட்டுப்போகும் தரவையும் கண்டுபிடிக்கிறது. அந்த அரிய பாதுகாப்புக்கு விலை உண்டு. கோப்புகளுக்கு அதன் இயல்புப் பதிவளவு 128 கே.பி.; அத்தகைய கோப்பு ஒன்றில் உள்முறைமை 4 கே.பி. மாற்றினால், 128 கே.பி.யை வாசித்துத் திருத்திப் புதிதாக எழுத வேண்டிவரும். போஸ்ட்கிரெஸ் 8 கே.பி. பக்கங்களாகவும், மைஎஸ்க்யூஎல்லின் இன்னோடிபி 16 கே.பி. பக்கங்களாகவும் எழுதுகின்றன, அவற்றுக்கேற்பப் பதிவளவைக் குறைப்பதோ, ஸீவால் எனப்படும் தருக்க வட்டைப் பயன்படுத்துவதோ இந்நஷ்டத்தைப் பெரிதும் போக்கும்.

கிறிஸ் மேசன் 2007-ல் அறிமுகப்படுத்திய பி.டி.ஆர்.எஃப்.எஸ்.ஸிலும் மெய்நிகர் வட்டுக்கோப்புகள் நாளடைவில் ஆயிரக்கணக்கான சிதறல்களாகின்றன. அக்கோப்புகளுக்கு மட்டும் இடமாற்ற எழுத்தை நிறுத்தும் ஏற்பாடு அதில் உண்டு. ஆனால் அதை நிறுத்தினால் சரிபார்ப்பு எண்ணும் சுருக்கமும் கூடவே நின்றுவிடுவதால், அம்முறைமையை விரும்பித் தேர்ந்தெடுத்த காரணமே பெரும்பாலும் மறைந்துபோகிறது. இசட்.எஃப்.எஸ்.ஸின்மேல் க்யூகவ்2, அதனுள்ளே பி.டி.ஆர்.எஃப்.எஸ். என்று மூன்று அடுக்கும் பழைய நிலையைக் காக்க முற்படும் ஏற்பாடு, இவ்வகைத் தவறுகளின் உச்சம்.

வி.எம்.வேரின் வி.எம்.எஃப்.எஸ். இதற்கு எதிரான திசையில் நிற்கிறது. பெரிய கோப்புகள் சிலவற்றைத் தாங்குவதும், பல ஹோஸ்ட்கள் ஒரே வட்டைப் பகிர்ந்துகொள்ள இடமளிப்பதுமே அதன் இலட்சியம், வி.எம்.எஃப்.எஸ்.5-ல் ஒதுக்கீட்டின் அலகு 1 எம்.பி.; உள்முறைமையின் தரவை அது தன் நினைவகத்தில் தேக்கிவைப்பதும் இல்லை. மைக்ரோசாஃப்டின் ஹைப்பர்-வி 2012-ல் வி.எச்.டி.எக்ஸ். வடிவத்தை ஏற்றபோது, பழைய வி.எச்.டி. வடிவத்தின் 2 டி.பி. எல்லையை 64 டி.பி. ஆக்கியதோடு, 4 கே.பி. செக்டர் வட்டுகளோடு ஒத்துப்போகும் ஒழுங்கையும் கொண்டுவந்தது.

உள்முறைமையில் செய்யவேண்டுவன

வெளியே பாதுகாப்பும் நிலைப்பிரதியும் அமைந்துவிட்டால், உள்ளே எளிய முறைமையே சிறந்தது. லினக்ஸ் கெஸ்ட்டில் எக்ஸ்ட்4 அல்லது எக்ஸ்.எஃப்.எஸ்., விண்டோஸ் கெஸ்ட்டில் என்.டி.எஃப்.எஸ். போதும். அழித்த கோப்புகளின் இடத்தை வெளிமுறைமைக்கு அறிவிக்கும் டிஸ்கார்ட் கட்டளை வழிநெடுகச் சென்றுசேர்கிறதா என்று உறுதிசெய்துகொள்வது நலம். இல்லையேல் சிக்கன ஒதுக்கீடு சில மாதங்களில் சிக்கனத்தை இழக்கும்.

பகுதிகளின் தொடக்க இடத்தையும் கவனிக்க வேண்டும். பழைய சம்பிரதாயப்படி முதற்பகுதி 63-ஆம் செக்டரில், அதாவது 32,256-ஆம் பைட்டில், தொடங்கிற்று. அவ்வெண் 4096-ஆல் வகுபடாது. அதனால் உள்ளே எழுதும் ஒவ்வொரு 4 கே.பி.யும் வெளியே இரண்டு துண்டுகளைத் தொட்டு, அரைகுறையாகிய இரண்டையும் வாசித்துத் திருத்த நேர்ந்தது. விண்டோஸ் விஸ்டா முதல் 1 எம்.பி. எல்லையில் தொடங்கும் வழக்கம் வந்து இக்குறை ஒழிந்ததாயினும், பழைய கணினிகளை அப்படியே மெய்நிகராக மாற்றியவர்களிடம் அது இன்னும் ஒளிந்திருக்கலாம்.

வேகமும் வாக்குறுதியும்

இதுவரை சொன்னவற்றினும் முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. தரவுத்தளம் ஒரு கொடுக்கல் வாங்கலை முடித்து எஃப்சிங்க் அழைப்பை விடுக்கும்போது, மின்சாரம் நின்றாலும் இத்தரவு அழியாது என்ற வாக்குறுதியைக் கேட்கிறது. அவ்வழைப்பு உள்முறைமை, விர்ட்ஐஓ, க்யூஎமு, வெளிமுறைமை, வட்டின் உள்தேக்கம் ஆகிய எல்லாவற்றையும் கடந்து இறுதிவரை செல்ல வேண்டும். இடையில் எந்த அடுக்கேனும் அதை விழுங்கிவிட்டால் வேகம் பன்மடங்கு உயரும், வாக்குறுதி பொய்யாகும்.

க்யூஎமுவின் தேக்க முறைகளுள் நன் என்பது வெளிமுறைமையின் நினைவகத்தைத் தவிர்த்து நேரே வட்டுக்குச் செல்வது. ஒரே தரவு உள்ளும் புறமும் இருமுறை நினைவகத்தை அடைக்காமல் காப்பது. ரைட்பேக் என்பது வெளி நினைவகத்தைப் பயன்படுத்தினாலும் எஃப்சிங்கை மதிப்பது. அன்சேஃப் என்பது எஃப்சிங்கைப் பொருட்படுத்தாதது. ஓடி முடிந்ததும் எறிந்துவிடும் சோதனை இயந்திரங்களுக்கு அது தகும், கணக்குப்புத்தகம் இருக்கும் இயந்திரத்துக்குத் தகாது. வர்ச்சுவல்பாக்ஸின் கையேடு, ஐ.டி.ஈ. வட்டுகளுக்கு உள்முறைமை விடுக்கும் இவ்வகைக் கட்டளைகள் வேகத்தின் பொருட்டுச் சாதாரணமாகப் புறக்கணிக்கப்படுகின்றன என்று வெளிப்படையாகவே சொல்கிறது. அதன் எண்ணை இன்னொன்றின் எண்ணோடு ஒப்பிடுவோர் இதை அறிந்திருக்க வேண்டும்.

பொய்யைக் கண்டுபிடிக்க எளிய கணக்கு ஒன்று இருக்கிறது. 7200 முறை சுழலும் தட்டு வினாடிக்கு 120 சுற்றுகளே சுற்றுவதால், ஒரே இடத்தில் எழுதி உறுதிசெய்து மறுபடி எழுதும் காரியம் வினாடிக்கு ஏறக்குறைய 120 முறைக்கு மேல் நடக்க இயலாது. மின்கலத்தால் காக்கப்பட்ட தேக்கம் இல்லாத அத்தகைய வட்டின்மேல் இயங்கும் கெஸ்ட், வினாடிக்கு ஆயிரக்கணக்கில் எஃப்சிங்க் முடித்ததாகச் சொன்னால், இடையில் ஏதோ ஓர் அடுக்கு உண்மை பேசவில்லை என்று நிச்சயிக்கலாம்.

அளவீட்டின் இடர்கள்

அவிஷாய் டிரேகர், எரெஸ் ஸடோக் முதலியோர் 2008-ல் வெளியிட்ட நெடிய ஆய்வு, 106 கட்டுரைகளிலிருந்து 415 அளவீடுகளை எடுத்து ஆராய்ந்து, பெருவழக்கான அளவீட்டு முறைகளிற் பல குறையுடையவை என்று முடிவுகட்டியது. மெய்நிகர் இயந்திரத்தில் அக்குறைகள் மிகுகின்றன. சூன்யங்களை மட்டும் எழுதிப் பார்க்கும் வழக்கமான சோதனை, சுருக்கம் செய்யும் முறைமையில் வட்டையே தொடாமல் முடிந்துவிடும். இன்னும் எழுதப்படாத இடத்தை வளரும் வட்டில் வாசித்தால், அட்டவணையைப் பார்த்தே சூன்யங்கள் திரும்பிவரும். ஹோஸ்ட்டின் நினைவகத்தினும் சிறிய தரவைச் சோதித்தால் அளக்கப்படுவது நினைவகமே. ஆகவே ஃபியோ போன்ற கருவியைக் கொண்டு, நினைவகத்தினும் பெரிய, சுருக்க இயலாத தரவை, மெய்யான மென்பொருள் எழுதும் அளவிலும் எஃப்சிங்க் விகிதத்திலும், பல இயந்திரங்களில் ஒருங்கே ஓடவிட்டு, சராசரியோடு மிக நீண்ட தாமதங்களையும் குறித்துக்கொள்வதே பொருளுள்ள பரீக்ஷை.

முடிவு

இவற்றைத் தொகுத்துப் பார்த்தால் சந்தர்ப்பத்துக்கேற்ற தீர்ப்புகள் தாமே அமைகின்றன. இயந்திரங்கள் சிலவே, வேகமே பிரதானம் என்றால், எல்.வி.எம். பகுதியோ, எக்ஸ்.எஃப்.எஸ். அல்லது எக்ஸ்ட்4-ல் முன்கூட்டி ஒதுக்கிய ரா கோப்போ தகும். ஒரே அச்சிலிருந்து பல இயந்திரங்களை வார்ப்பதாயின், சங்கிலியைக் குறுகலாக வைத்து, போதிய அட்டவணைத் தேக்கம் கொடுத்த க்யூகவ்2 தகும். தரவின் நேர்மையும் நிலைப்பிரதிகளும் உயிர்நிலை என்றால், பதிவளவைப் பொருத்தமாக்கிய இசட்.எஃப்.எஸ்.ஸை வெளியே வைத்து, உள்ளே எளிய எக்ஸ்ட்4-ஐ அமர்த்துவது தகும். மூன்றிலும் வரிசைப்படுத்தல், தேக்கம், பிரதி, சரிபார்ப்பு ஆகிய ஒவ்வொன்றுக்கும் பொறுப்பாளி எந்த அடுக்கு என்று நிர்வாகி எழுதிவைக்க முடிய வேண்டும்; ஒன்றுக்கு இரண்டு பெயர் வந்தால் அங்கே வேகம் வீணாகிறது, ஒரு பெயரும் வராவிட்டால் அங்கே தரவு அபாயத்தில் இருக்கிறது. ஜர்னல் ஒன்றை மட்டும் இரு தரப்பிலிருந்தும் முற்றிலும் நீக்க இயலாது. அதன் வெளிப்பங்கை முன்கூட்டிய ஒதுக்கீட்டால் சுருக்கலாம். இயந்திரத்தைப் பொதுப் பயன்பாட்டுக்கு விடுமுன், எழுதும் வேலை உச்சத்தில் இருக்கும்போது ஹோஸ்ட்டின் மின்சாரத்தைத் துண்டித்து, முடிந்ததாக அறிவிக்கப்பட்ட கொடுக்கல் வாங்கல்கள் அனைத்தும் மீண்டும் கிடைக்கின்றனவா என்று பார்த்துவிட வேண்டும். அப்பரீக்ஷையில் தேறிய ஏற்பாடுகளுக்குள்ளே மட்டும் எது துரிதமானது என்று ஒப்பிடுவதே பிரயோஜனமுள்ள ஒப்பீடு.